கரியும் கல்வியும்

வருஷந்தோறும் சித்திரை வெயிலின் உச்சியில் தமிழ் நாட்டில் ஒரு திருவிழா நடைபெறுகிறது. அதற்குத் தேரும் இல்லை, தீர்த்தமும் இல்லை. பிளஸ் டூ பரீட்சையின் முடிவு வெளியாகும் தினத்தையே குறிப்பிடுகிறோம். அன்று பத்திரிகைகளில் தேறிய பெண்களின் படங்கள் பக்கம் பக்கமாக வெளிவருகின்றன. தாயார் மகளுக்கு மிட்டாய் ஊட்டுகிறாள். தலைமை உபாத்தியாயர் பின்னால் நின்று புன்னகை புரிகிறார். பிறகு ஜில்லாக்களுக்குள் எது முதல், எது கடைசி என்ற பட்டியல் வெளியாகிறது. 2025-ம் வருஷத்தில் பரீட்சை எழுதினவர்களில் நூற்றுக்கு 95.03 பேர் தேறினார்கள். (அந்த .03 பேர் யார் என்று நேயர்கள் நம்மைக் கேட்க வேண்டாம்.) அரியலூர் ஜில்லா 98.82 பெற்று முதல் ஸ்தானத்தை அடைந்தது. ஒரு காலத்தில் இந்தப் பட்டியலின் கடைசி வரிசைகளிலேயே அரியலூரைத் தேடுவது வழக்கமாயிருந்தது. அத்தகைய ஜில்லா தலைமேல் ஏறி நிற்பது சாமான்யமான காரியமல்ல. அங்குள்ள உபாத்தியாயர்களின் உழைப்பை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால் இந்தத் திருவிழாவின் ஆரவாரத்தில் வேறொரு கணக்கு நம் காதில் விழாமலே போய்விடுகிறது. ஏஸர் என்ற பெயரில் சில வருஷங்களுக்கு ஒரு முறை கிராமங்களில் வீடு வீடாகச் சென்று ஒரு சோதனை செய்கிறார்கள். சோதனை வெகு சுலபமானது. ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் கையில் இரண்டாம் வகுப்புக்குரிய சிறு பாடம் ஒன்றைக் கொடுத்து, "இதைப் படி, பார்க்கலாம்" என்று சொல்கிறார்கள். தமிழ் நாட்டில் 2018-ல் நூற்றுக்கு நாற்பது குழந்தைகள் அளவில் படித்தன. 2022-ல் நூற்றுக்கு இருபத்தைந்து குழந்தைகளே படித்தன. 2024-ல் மறுபடி ஓரளவு ஏறிற்று. ஆயினும் பாதிப் பங்கை எட்டவில்லை.

இந்தக் கணக்கெடுப்பின் முறையில் குறை காண்போர் உண்டு. அதனாலேயே 2025 தொடக்கத்தில் நம் ராஜ்யத் திட்டக் குழு 3, 5, 8 வகுப்புகளில் தானே ஒரு பெரிய சோதனையை நடத்திற்று. அதே வருஷத்தில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையில் அடிப்படை எழுத்தும் கணக்கும் பிடிபடாத பிள்ளைகளுக்கென்று 'திறன்' என்ற ஏற்பாட்டையும் சர்க்கார் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு திட்டம் வேண்டியிருக்கிறதென்றால், ஏஸரின் கணக்கைப் பற்றி மேலும் வாதம் செய்வதில் என்ன பிரயோஜனம்?

ஆகவே, ஒரு முனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மறு முனையில் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது, நாற்பது. இரண்டும் ஒரே ராஜ்யத்தின் பள்ளிகளைப் பற்றிய கணக்குகள்தான். இரண்டுக்கும் இடையே ஏழு வருஷங்களில் ஏதோ மாயம் நிகழ்ந்து குழந்தைகள் எல்லோரும் படிப்பாளிகளாகி விடுகிறார்கள் என்று நம்புவோர் நம்பட்டும். தேறுவதற்கு வேண்டிய கேள்வி பதில்களை உருப்போடுவதும், கண் முன்னால் இருக்கும் ஒரு காகிதத்தைப் படித்து அதன் பொருளை அறிவதும் வெவ்வேறு வித்தைகள் என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தைக் கண்ணெதிரே காண வேண்டுமானால் நெய்வேலிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நெய்வேலியின் கதை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தமது பூமியில் கிணறு தோண்டியபோது தண்ணீருடன் கறுப்பான ஒரு பொருளும் மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. அது பண்டித நேருவின் பிறந்த நாள். குழந்தைகள் தினமாக நாம் கொண்டாடும் நாள். மறு வருஷம் மே 20-ந் தேதி நேருவே நேரில் வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். முந்திரித் தோப்பும் செம்மண் மேடுமாயிருந்த இடத்தில் வட்டம் வட்டமாக ஒரு நகரம் எழுந்தது. நேரான சாலைகள், இரு மருங்கும் மரங்கள், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பள்ளிக்கூடங்கள் எல்லாம் வந்தன. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அங்கே ஒரு லக்ஷத்துக்குச் சற்று அதிகமான ஜனங்கள் வசித்தார்கள். கம்பெனி தன் பொறுப்பில் பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது; பாதிரிமார் பள்ளிகளும் மத்திய சர்க்காரின் கேந்திரீய வித்தியாலயமும் உண்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து கம்பெனியார் நடத்தி வரும் புத்தகக் கண்காட்சி தமிழ் நாடு முழுவதும் பிரசித்தமானது. கூடை கூடையாகப் புத்தகம் வாங்கிப் போகும் குடும்பங்களை அங்கே காணலாம்.

நகரத்தின் எல்லையைத் தாண்டி நாலு மைல் சென்றால் வேறு உலகம். சுரங்கம் ஓர் இடத்தில் நின்றுவிடுவதல்ல. வருஷா வருஷம் முன்னேறிக்கொண்டே போகிறது. அதன் வழியில் வயல் இருந்தால் வயலை விழுங்குகிறது. ஊர் இருந்தால் ஊரை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களின் மேல் மண்வாரி யந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நில விவகாரத்தின் நியாய அநியாயங்களை இங்கே விசாரிக்க நாம் வரவில்லை. நாம் கவனிப்பது வேறு ஒன்று.

இப்படிச் சுரங்கத்தின் பாதையிலிருக்கும் ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலே மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பாட்டி மாத்திரம் திண்ணையில் இருக்கிறாள். தாலுகா ஆபீஸ் சேவகர் ஒரு நீளமான காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சாயங்காலம் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறான், ஐந்தாம் வகுப்பு. "ராசா, இதிலே என்னடா போட்டிருக்குது, ஆயாவுக்குப் படிச்சுச் சொல்லு" என்கிறாள் பாட்டி. பையன் காகிதத்தைப் பார்க்கிறான். 'க', 'ட', 'லூ', 'ர்' என்று ஓரெழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போகிறான். சர்வே நெம்பர், உட்பிரிவு, ஆட்சேபனை தெரிவிக்க வேண்டிய கெடு என்ற இடங்களை அவன் எட்டுவதற்குள் இருட்டிப்போய் விடுகிறது. "அப்பா வரட்டும் ஆயா" என்று காகிதத்தை மடித்து மாடத்தில் வைத்துவிடுகிறான். அப்பனும் அதே பள்ளியில் படித்தவன்தான். கெடு அதன் பாட்டுக்குக் கழிந்து போகிறது.

அந்தக் காகிதத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. நிலம் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்குக் கம்பெனியில் வேலை என்பது நெய்வேலி வட்டாரத்தில் இரண்டு தலைமுறையாக ஒலித்து வரும் கோரிக்கை. 2022-ல் பொறியாளர் பதவிக்குத் தேர்வான 299 பேர் கொண்ட பட்டியலில் தமிழ் நாட்டார் ஏறக்குறைய இல்லவே இல்லை என்ற முறையீடு எழுந்து, முதன் மந்திரி பிரதமருக்கு எழுதும் வரையில் போயிற்று. தேர்வுக்கு அடிப்படையாக வைத்தது அகில இந்தியாவுக்கும் பொதுவான 'கேட்' பரீட்சை. மண்ணின் மைந்தருக்குச் சலுகை வேண்டுமென்று கேட்பது ஒரு வழி. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எட்டு வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் பின்தங்கிய பிள்ளை இருபத்திரண்டு வயதில் அந்தப் பரீட்சை மண்டபத்தின் வாசற்படியையாவது மிதிப்பானா? பதவி பறிபோவது ஆபீஸில் அல்ல. இரண்டாம் வகுப்பிலேயே பறிபோய்விடுகிறது.

இனி சர்க்கார் என்ன செய்தது, என்ன செய்யக்கூடும் என்று பார்ப்போம். கல்வி 1976-ம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தத்தினால் மத்திய சர்க்காருக்கும் ராஜ்யத்துக்கும் பொதுவான விஷயமாகிவிட்டபோதிலும், பள்ளியைத் திறப்பதும் உபாத்தியாயரை நியமிப்பதும் பாடப் புத்தகம் அச்சிடுவதும் இன்னும் ராஜ்யத்தின் கையில்தான் இருக்கின்றன.

நம் ராஜ்யம் ஒரு காரியத்தில் உலகத்துக்கே வழி காட்டியிருக்கிறது. அது சோறு. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. 1956-ல் காமராஜரும் கல்வி இலாகா டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலுவும் பகலுணவை நாடெங்கும் பரப்பினார்கள். ஊர் ஜனங்களே அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கொட்டினார்கள். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளில் கிராமத்தார் மேஜை, நாற்காலி, கரும்பலகை, கட்டிடம் என்று தாங்களாகவே முன்வந்து கொடுத்ததைக் கண்டவர்கள் இன்றும் சொல்வார்கள். 1982-ல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விஸ்தரித்தார். அப்போது, "ராஜ்யத்தின் கஜானா தாங்குமா?" என்று கணக்குப் பார்த்தவர்கள் பலர். கஜானா தாங்கியது மட்டுமல்ல, மற்ற ராஜ்யங்களும் பின்தொடர்ந்தன. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலைச் சிற்றுண்டியும் ஆரம்பமாயிற்று. 2023 ஆகஸ்டில் ராஜ்யம் முழுவதுமுள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு அது பரவியது. வெறும் வயிற்றோடு வந்த குழந்தை மயங்கி உட்கார்ந்திருப்பதைக் கண்ட எந்த உபாத்தியாயினியும் இதன் அருமையை அறிவாள்.

சோறு குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த பிறகு என்ன?

புத்தகத்தைப் பற்றிய சண்டையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டேட் போர்டு, மெட்ரிக்குலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு ஜாதியாகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்க 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. மறு வருஷம் ஆட்சி மாறிற்று. சட்டத்தை நிறுத்தப் பார்த்தார்கள். விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போய், பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2011 ஆகஸ்ட் 9-ந் தேதி தீர்ப்பாயிற்று. அதுவரையில், ஜூன் மாதம் திறந்த பள்ளியில் லக்ஷக்கணக்கான பிள்ளைகள் புத்தகமின்றி உட்கார்ந்திருந்தார்கள். புத்தகங்கள் அச்சாகிக் கட்டுக் கட்டாகக் கிடங்கில் கிடந்தன! இரண்டு கட்சியாரும் குழந்தைகளின் நன்மைக்காகவே வாதாடினதாகத்தான் சொன்னார்கள்.

போதனை முறையின் கதையும் ஏறக்குறைய இதுவே. மதனப்பள்ளிக்கருகிலுள்ள ரிஷி வாலி பள்ளியின் முறையைப் பின்பற்றி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கிற்று. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படிபோல் ஒவ்வொரு படியாகத் தம் தம் வேகத்தில் ஏறிச் செல்வார்கள். 2007-08-ல் ராஜ்யம் முழுவதும் பரவியது. வெளிநாட்டார் வந்து பார்த்து வியந்தார்கள். நல்ல உபாத்தியாயர் கையில் அது மிக நன்றாக நடந்தது. மற்ற இடங்களில் அட்டைகள் பெட்டிக்குள் அடங்கின. ஆட்சியும் அதிகாரிகளும் மாறினார்கள்; அந்த முறையின் பேச்சும் அடங்கிற்று. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதல் மூன்று வகுப்புகளில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் போதிப்பது அதன் உட்பொருள். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டுமென்பது நோக்கம். நோக்கம் மிகச் சரியானது. பழைய முறைக்கும் இதற்கும் உள்ளே ஓடும் சரடு ஒன்றுதான் என்பது நமது எண்ணம். ஆனால் பழையதில் தேர்ச்சி பெற்ற உபாத்தியாயர்கள் அதை அறவே மறந்துவிட்டுப் புதிய பயிற்சிக்குப் போகும்படி ஆயிற்று.

உபாத்தியாயர்களின் பக்கத்தையும் கேட்கத்தான் வேண்டும். "வாரத்துக்கு வாரம் மதிப்பீட்டைக் கைப்பேசியில் ஏற்று, வருகையை ஏற்று, சீருடை அளவை ஏற்று, காலணி அளவை ஏற்று என்கிறார்கள். குழந்தையின் முகத்தைப் பார்க்க எங்கே நேரம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி ஆள வேண்டும். கணக்குப்பிள்ளை வேலைக்கென்று உபாத்தியாயரை நியமிக்கவில்லை அல்லவா?

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு காரியம் நடந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கொள்ளை நோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் எழுத்தே கண்ணில் படாமல் பிள்ளைகள் ஓடியாடிக் கொண்டிருந்தார்கள். திறப்பதற்குச் சில தினங்களுக்கு முன், அக்டோபர் 27-ந் தேதி, மரக்காணத்துக்கருகில் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிற்று. அந்தந்தத் தெருவிலேயே படித்த பெண்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் கோயில் மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ இருபது குழந்தைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் ஊக்கத் தொகை. இதனால் உபாத்தியாயர் வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்று சிலரும், வேறு கொள்கை பின்வாசலால் நுழைகிறது என்று சிலரும் அப்போது ஐயுற்றார்கள்.

ஐயத்தைத் தீர்க்க அதிர்ஷ்டவசமாக ஓர் ஆராய்ச்சி இருந்தது. கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2019-லேயே தமிழ் நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளின் படிப்பைச் சோதித்து வைத்திருந்தார்கள். நோய்க்குப் பின் அதே கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைக் கொண்டு மீண்டும் ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தன. தமிழைவிடக் கணக்கில் நஷ்டம் இரட்டிப்பு. ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளின் பலன். அதிலும் ஒரு விசேஷம் உண்டு. நஷ்டம் ஏழைக் குழந்தைக்கே அதிகமாக நேர்ந்தது. மாலை வகுப்பின் நன்மையும் ஏழைக் குழந்தைக்கே அதிகமாகச் சென்றது. கோடி கோடியாகச் செலவழித்தும் பல தேசங்கள் காணாத பலன் இது. பன்னிரண்டாவதோ அதற்கு மேலோ படித்த ஒரு பெண், ஒரு கரும்பலகை, தினம் ஒரு மணி நேரம் என்ற இவ்வளவு அற்ப முதலில் விளைந்தது.

இதே முரளீதரனும் வேறு இரு அறிஞர்களும் நம் ராஜ்யத்து அங்கன்வாடிகள் 320-ல் இன்னொரு பரீக்ஷை செய்திருக்கிறார்கள். பாதியளவு மையங்களில் அரை நாள் வேலைக்கு ஒரு பெண்ணை மட்டும் கூடுதலாக நியமித்தார்கள். போதிக்கும் நேரம் இரட்டித்தது. ஒன்றரை வருஷத்தில் அந்தக் குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறின. அது மட்டுமல்ல, வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் குறைந்தன. ஒரு பெண் பாடத்தைக் கவனித்ததால் மற்றவள் சாப்பாட்டைச் சரியாகக் கவனிக்க முடிந்தது. புதிய முறையும் இல்லை, யந்திரமும் இல்லை. ஆள் ஒருவர் அதிகம்; அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மிஸிஸிபி என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. ஐக்கிய நாட்டிலேயே ஏழை ராஜ்யம். 2013-ல் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் படிப்பில் அது ஐம்பது ராஜ்யங்களுக்குள் 49-வது. அவ்வருஷமே அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். உபாத்தியாயர்கள் எல்லோருக்கும் எழுத்தொலி முறையில் பயிற்சி; மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கு, கூடவே இருந்து கற்றுக்கொடுக்கும் தேர்ந்த வழிகாட்டிகள்; மூன்றாம் வகுப்பு முடிவில் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு விசேஷப் போதனை, அதற்கும் மசியாவிட்டால் அதே வகுப்பில் மறுபடி ஒரு வருஷம். 2024-ல் மிஸிஸிபி ஒன்பதாவது ஸ்தானத்துக்கு வந்துவிட்டது. பிரேசில் தேசத்தில் வறட்சிக்குப் பேர்போன சியாரா ராஜ்யத்தார் 2007-ல் இன்னொரு யுக்தி செய்தார்கள். நகரசபைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வரிப் பணத்தில் ஒரு பகுதியை, அந்தந்த ஊர்க் குழந்தைகளின் படிப்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பங்கிட்டார்கள். அதன் பிறகு நகரசபைத் தலைவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியதில் ஆச்சரியம் என்ன?

மிஸிஸிபியில் செய்ததுபோல் எட்டு வயதுக் குழந்தையைத் தேறாதவன் என்று நிறுத்தி வைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. நம் நாட்டில் அப்படி நிற்கும் குழந்தை மறு வருஷம் பள்ளியில் இராது. செங்கல் சூளையில் இருக்கும். 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவிட்டு, எதிர்ப்பினால் 2020 பிப்ரவரியில் சர்க்கார் அதைக் கைவிட்டது சரியான காரியமே. 2025 ஆகஸ்ட் 8-ந் தேதி வெளியான ராஜ்யக் கல்விக் கொள்கையும் சிறு வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை கூடாது என்றே சொல்கிறது. பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சையையும் எடுத்துவிட்டது. ஆனால் நிறுத்தி வைப்பதில்லை என்று தீர்மானித்த பிறகு, படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் கடமை இரட்டிப்பாகிறது. மிஸிஸிபியின் தண்டனையை விட்டுவிடலாம். அதன் வழிகாட்டிகளை விட்டுவிடலாகாது.

மத்திய சர்க்காருக்கும் ராஜ்யத்துக்கும் நடந்த பூசலில் 2024-25-ம் வருஷத்துக்குரிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா பணம் கைக்கு வராமல் போய், வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. கொள்கையில் ஒற்றுமை இல்லாவிட்டால் குழந்தைகளின் பணத்தை நிறுத்தி வைப்பது என்ன தர்மமோ, நமக்கு விளங்கவில்லை.

மேல் முனையில் ராஜ்யம் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். 'நீட்' பரீட்சை வந்த பின் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்த சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் 7.5 சதவிகித ஒதுக்கீடு வந்ததும் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் இது ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். ஒரு லக்ஷம் குழந்தைகளுக்கு 'அ'னா 'ஆ'வன்னா கற்றுக்கொடுப்பது பத்து வருஷம் ஓயாமல் செய்ய வேண்டிய காரியம். அதற்குப் புகைப்படமும் இல்லை, மாலையும் இல்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் இருக்கும்; நிறுத்தினால் மூழ்கிப்போகும். எந்த மந்திரி வந்தாலும், எந்த மானேஜர் மாறினாலும், அந்தப் பம்புகளை நிறுத்துவதில்லை. சிறு வகுப்புகளின் போதனையைப் பற்றி மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பம்பை நிறுத்திவிட்டு வேறு பெயரில் புதிய பம்பு வைக்கிறோம்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம் என்பது நமது யோசனை. சுரங்கத்தின் பாதையில் இருக்கும் ஊர் எது, எந்த வருஷத்தில் அதைத் தொடும் என்பது கம்பெனியாருக்கு முன்கூட்டியே தெரியும். நஷ்ட ஈட்டுக்காக வீடு, கிணறு, தென்னை, முந்திரி எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். அந்தப் பட்டியலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று, அந்தப் பள்ளியைச் சேராத ஒருவரைக் கொண்டு சோதித்து, பள்ளிச் சுவரிலேயே எழுதிவிடட்டும். ஜனங்கள் குடிபெயரும் புதிய இடத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுமுன் பள்ளி நடக்கட்டும். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவிகிதம் பொதுக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டுமல்லவா? அதிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாலை வகுப்பு ஆசிரியையும், அங்கன்வாடிக்கு ஓர் அரை நாள் பெண்ணும் வைக்கப் பெருந்தொகை பிடிக்காது. புத்தகக் கண்காட்சி முடிந்த பின் ஒரு வண்டிப் புத்தகத்தை அந்த ஊர்களுக்கு அனுப்புவதும் கஷ்டமான காரியமல்ல. உபாத்தியாயரைத் தருவதும், தந்தவரை மூன்று வருஷமாவது மாற்றாமல் வைப்பதும், கைப்பேசிக் கணக்கிலிருந்து அவருக்கு விடுதலை அளிப்பதும் ராஜ்ய சர்க்காரின் பாகம்.

கடலூர் ஜில்லாவிலுள்ள நேயர்கள், அதிலும் நெய்வேலி, மந்தாரக்குப்பம், விருத்தாசலம் பக்கத்திலுள்ளவர்கள், தங்கள் ஊர்ச் சர்க்கார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு நமக்கு எழுத வேண்டுகிறோம். உபாத்தியாயர்கள் எழுதினாலும் வரவேற்போம். பெயர் வெளியிட வேண்டாமென்றால் வெளியிட மாட்டோம். வரும் கடிதங்களில் இடம் கொண்ட மட்டும் இந்தப் பகுதியிலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.